கையிருப்பு தீர்ந்த பிறகு

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் ஒரு டாக்டர் தன் பெயரிலோ குலதெய்வத்தின் பெயரிலோ நடத்தும் இருபது படுக்கை மருத்துவமனை. பிரசவத்துக்கும் குடல்வால் அறுவைக்கும் போய், நாலாம் நாள் வீடு திரும்பிவிடுவோம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. பக்கவாதமோ மறதிநோயோ வந்து, தானாக எழுந்து குளிக்கவும் உண்ணவும் முடியாமல் போன முதியவர்கள் இரவும் பகலும் செவிலியர் பார்வையில் தங்கும் இடம் அது. பலர் அங்கிருந்து வீடு திரும்புவதில்லை. அப்படிப்பட்ட இல்லங்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய 15,000. அவற்றில் இருப்பவர்கள் சுமார் 12 லட்சம் பேர். பத்தில் ஏழு இல்லங்கள் லாபத்துக்காக நடப்பவை. அரசு அமைப்புகளின் கையில் இருப்பவை சொற்பம். மிச்சமுள்ள, கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவை, சர்ச்சுகளும் யூத சங்கங்களும் உள்ளூர் அறக்கட்டளைகளும் நடத்தும் லாபநோக்கற்ற இல்லங்கள். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

இந்த இல்லங்களை ஆளும் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினால் ஒரு விசித்திரம் புலப்படும். இரண்டு அரசு அலுவலகங்கள் இவற்றைக் கண்காணிக்கின்றன. ஒன்று வரித்துறை; இல்லம் அறச்செயல்தானா, வரிவிலக்குக்கு உரியதா என்று அது கேட்கிறது. மற்றொன்று சுகாதாரத்துறை, பராமரிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறது. வரி அதிகாரி யாருடைய படுக்கைப்புண்ணையும் பார்ப்பதில்லை. சுகாதார ஆய்வாளர் இல்லம் தர்மம் செய்கிறதா என்று கேட்பதில்லை. அப்படியானால் இந்த இல்லங்களின் அறம் சட்டத்தில் எங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது? தேடிப்போனால், 1972இல் வந்த ஒரு வரித்துறைத் தீர்ப்புரையின் சில வரிகளில் போய் நிற்கிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஏழை முதியவருக்கு இருந்த கடைசிப் புகலிடம் ஊர்ப் பொதுப்பணத்தில் நடந்த ஏழை விடுதி. மனநோயாளிகள், அநாதைகள், குடிகாரர்கள் எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் அடைத்த இடம் அது. கௌரவமாக வாழ்ந்த ஒரு விதவை அங்கே போய்ச் சாக வேண்டுமா என்ற கவலையில்தான் அறநிலைய முதியோர் இல்லங்கள் பிறந்தன. பிலடெல்பியாவில் 1817இல், ஆதரவற்ற விதவைகளுக்கும் மணமாகாத பெண்களுக்கும் என்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இவ்வகை இல்லங்கள் நன்னடத்தைச் சான்று கேட்டன, நுழைவுத் தொகையும் கேட்டன. தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பிரிவினை அந்தத் தர்மத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. நம் சத்திரங்களிலும் யாருக்குச் சோறு, யாருக்குத் திண்ணை என்ற கணக்கு இருந்ததுதானே.

1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு சின்ன விதியால் எல்லாவற்றையும் மாற்றியது. முதியோர் உதவித்தொகை உண்டு, ஆனால் பொது நிறுவனத்தில் வசிப்பவருக்குக் கிடையாது என்றது. ஏழை விடுதிகளை ஒழிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். விளைவு வேறாக இருந்தது. உதவித்தொகை கையில் வந்த முதியவர்கள் தனியார் விடுதிகளைத் தேடிப் போனார்கள். வீட்டில் இரண்டு அறை காலியாக இருந்தவர்களெல்லாம் விடுதி நடத்தத் தொடங்கினார்கள். லாபத்துக்கான முதியோர் பராமரிப்பு ஒரு தொழிலாக எழுந்தது இப்படித்தான். இந்த விடுதிகளுக்கு மாநிலங்கள் உரிமமும் தரநிலையும் வகுக்க வேண்டும் என்று 1950இல் ஒரு திருத்தம் வந்தது. 1954இல் மருத்துவமனைக் கட்டுமானச் சட்டத்தை விரித்து, பொது இல்லங்களுக்கும் லாபநோக்கற்ற இல்லங்களுக்கும் கட்டட மானியம் தந்தார்கள். பணம் மருத்துவமனைத் திட்டத்திலிருந்து வந்ததால் கட்டடங்களும் மருத்துவமனை மாதிரியே எழுந்தன: நீண்ட தாழ்வாரம், நடுவில் செவிலியர் மேசை, இருபுறமும் இரட்டைக் கட்டில் அறைகள். இன்றும் அமெரிக்க முதியோர் இல்லம் வீடுபோல இல்லாததற்கு அந்த மானிய விதிக்கும் பங்கு உண்டு. 1959இல் லாபநோக்கு இல்லங்களுக்கும் அரசு அடமானக் காப்பீடு கிடைத்தது. 1965இல் மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் வந்தன. பணமழை பெய்தது, அதைப் பிடிக்கப் பாத்திரத்தோடு நின்றவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள்.

இந்த இரண்டு திட்டங்களையும் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து வந்தவருக்கு, உடல் தேறுவதற்காக அதிகபட்சம் 100 நாள் இல்லச் செலவை அது ஏற்கும். அதிலும் முழுச் செலவு முதல் 20 நாளுக்குத்தான். அதற்குப் பிறகு கைக்காசு. இல்லத்தின் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். வாழ்நாள் சேமிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துவிடும். கரைந்த பிறகு, ஏழைகளுக்கான மெடிகெய்ட் கை கொடுக்கும். பல மாநிலங்களில் தனி ஆள் ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. ஓய்வூதியம் வந்தால் அது இல்லத்துக்குப் போகும். முதியவர் கைச்செலவுக்கு மாதம் குறைந்தது 30 டாலர் விட்டுவைக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம் 1988இல் நிர்ணயித்த தொகை. சில மாநிலங்கள் கூட்டித் தருகின்றன. அந்த அடிப்படைத் தொகை மட்டும் இன்னும் 30தான். முடிவெட்டவும் பேரனுக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கவும் அது போதும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்று இல்லங்களில் இருப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது.

இனி 1972க்கு வருவோம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு அறநிறுவனங்களுக்கு வரிவிலக்கு தருகிறது. கட்டணம் வாங்கும் முதியோர் இல்லம் அறநிறுவனம் ஆகுமா? 1950களில் வரித்துறையின் பதில் கண்டிப்பானது: ஏழைக்கு உதவினால்தான் ஆகும். கட்டணம் கட்ட முடியாதவரை வெளியேற்றும் இல்லத்துக்கு விலக்கு இல்லை. 1972இல் வந்த 72-124 எண்ணுள்ள தீர்ப்புரை பார்வையை மாற்றியது. முதுமையே ஒரு துன்பம். வசதியுள்ள முதியவருக்கும் இருப்பிடம், உடல்நலப் பராமரிப்பு, பொருளாதாரப் பாதுகாப்பு மூன்றும் தேவை. இம்மூன்றையும் நிறைவேற்றும் இல்லம் அறநிறுவனமே என்றது. முதல் இரண்டையும் எந்த வியாபாரியும் தருவான். கனம் மூன்றாவதில் இருக்கிறது. உள்ளே வந்தவர் பின்னாளில் கட்டணம் கட்ட முடியாமல் போனால், அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது என்ற உறுதியான கொள்கை இல்லத்துக்கு இருக்க வேண்டும். முடிந்தவரை குறைந்த செலவில் சேவை தர வேண்டும்.

என் வாசிப்பில், லாபநோக்கற்ற இல்லத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் ஒரே உண்மையான அறவிதி இதுதான்: கையிருப்பு தீர்ந்தவரை வெளியே அனுப்பாதே. ஆனால் அதே தீர்ப்புரை ஒரு வழியையும் திறந்துவிட்டது. அப்படி வைத்துக்கொள்ள ஆகும் செலவை இல்லம் தன் சேமிப்பிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் எடுக்கலாம்; அரசு உதவியைக் கொண்டும் ஈடுகட்டலாம். மெடிகெய்ட் வந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அறத்தின் செலவை அரசே ஏற்றுக்கொண்டால், அறம் செய்தது யார்?

இந்தக் கேள்வியை வரித்துறை விட்டுவிட்டது. மாநில நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டன. காரணம், சொத்து வரி. உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் பணம் அதிலிருந்துதான் வருகிறது. நகரின் நடுவே பெரிய கட்டடம் ஒன்று வரி கட்டாமல் நின்றால் மற்றவர்கள் தலையில் அது விழும். இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1968லேயே ஒரு மெதடிஸ்ட் முதியோர் இல்லத்துக்கு விலக்கு மறுத்தது: நுழையும்போதே பெருந்தொகை, பிறகு மாதக் கட்டணம், அதற்கும் மேல் உடல்நலத்தோடு இருப்பவருக்கே இடம். இதில் தர்மம் எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். பென்சில்வேனியா 1985இல் ஐந்து அம்சத் தேர்வு ஒன்றை வகுத்தது. அதில் ஒன்று, சேவையின் கணிசமான பகுதியை இலவசமாகத் தர வேண்டும் என்பது. அந்தத் தேர்வை ஒரு லாபநோக்கற்ற நர்சிங் ஹோம் 1994இல் எதிர்கொண்டது. அது யாரையும் முற்றிலும் இலவசமாக வைத்திருந்ததாகச் சொல்லவில்லை. அது காட்டியது இதைத்தான்: எங்கள் இல்லத்தில் பலர் மெடிகெய்ட் நோயாளிகள், அரசு தரும் தொகை உண்மைச் செலவுக்குப் போதவில்லை, அந்தப் பற்றாக்குறையை நாங்கள் தாங்குகிறோம். அதுவே தர்மம் என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

எனக்கு இது மிகக் கூர்மையான தீர்ப்பாகவும், சற்றே சங்கடமான தீர்ப்பாகவும் படுகிறது. அறத்தின் அளவு, அரசு எவ்வளவு குறைவாகப் பணம் தருகிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. நாளை மாநிலம் மெடிகெய்ட் தொகையை உயர்த்தினால் இல்லத்தின் தர்மம் குறைந்துவிடும். அதோடு, அதே பற்றாக்குறையைத் தாங்குவதாகத்தான் லாபநோக்கு இல்லங்களும் சொல்கின்றன. மருத்துவமனைகளுக்காவது 2010இல் ஒபாமாவின் சட்டம் 501(ஆர்) என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தது: வரிவிலக்கு வேண்டுமென்றால் நிதியுதவிக் கொள்கையை எழுதி ஊரறிய வை, சமூகத்தின் தேவையை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்து சொல். அந்தக் கட்டளை மருத்துவமனைகளோடு நின்றுவிட்டது. முதியோர் இல்லங்களுக்கு இன்றும் 1972தான்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1987 டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்ட நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், மெடிகேர் மெடிகெய்ட் பணம் வாங்கும் எல்லா இல்லங்களுக்கும் ஒரே விதியை வைத்தது. முந்தைய ஆண்டு தேசிய மருத்துவ நிறுவனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைக்கும் வழக்கத்தையும், பயிற்சியே இல்லாத உதவியாளர்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொருவரும் எட்டக்கூடிய உச்சமான உடல், மன நலத்தை எட்ட இல்லம் உழைக்க வேண்டும் என்றது புதுச் சட்டம். ஊழியரின் வசதிக்காக யாரையும் கயிற்றாலோ மருந்தாலோ கட்டக் கூடாது. உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதிகபட்சம் 15 மாதத்துக்கு ஒருமுறை. வெளியேற்றுவதற்கு ஆறே ஆறு காரணங்கள், பொதுவாக 30 நாள் எழுத்துமூல அறிவிப்பு. மெடிகெய்ட்டுக்கு மாறியதற்காக ஒருவரை மெடிகெய்ட் இல்லம் வெளியேற்றக் கூடாது. 1998இல் ஒரு பெரிய லாபநோக்கு நிறுவனம் மெடிகெய்ட்டை விட்டு விலகுவதாகச் சொல்லி முதியவர்களை வெளியே அனுப்பத் தொடங்கியபோது நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே, இல்லம் திட்டத்தை விட்டு விலகினாலும் ஏற்கெனவே இருப்பவரைக் கைவிட முடியாது என்று சட்டம் வந்தது.

ஆக, அறநிலையத்தின் தனி அடையாளமாக இருந்த விதி ஏறக்குறைய எல்லாருக்குமான விதியாகிவிட்டது. முதியவர்களுக்கு இது பெரிய வெற்றி. அறநிலையத்துக்கோ, தான் யார் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வாக்கியம் கைநழுவியது.

நன்கொடை விஷயத்தில் மட்டும் 1987 சட்டம் அறநிலையங்களை நேராகப் பார்த்துப் பேசுகிறது. மெடிகெய்ட் தகுதியுள்ளவரைச் சேர்க்க, அரசு தரும் தொகைக்கு மேல் பணமோ பரிசோ நன்கொடையோ கேட்கக் கூடாது. அமைப்புகளிடமிருந்தும், அந்த முதியவரோடு தொடர்பில்லாத ஆட்களிடமிருந்தும் அறக்கொடை பெறலாம். ஆனால் அதுவும் சேர்க்கைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போய் ‘நன்கொடை’ என்ற சொல்லின் முழுப் பொருளையும் கற்றுக்கொண்ட நமக்கு இந்த விதியின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழக்காடும் உரிமையில் கதை இன்னும் கோணலாகிறது. ஒரு காலத்தில் அறநிறுவனத்தின் மீது நஷ்டஈட்டு வழக்கே போட முடியாது. தர்மப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது கொள்கை. 1942இல் வாஷிங்டனில், மருத்துவமனைக் கதவு இடித்துக் காயமடைந்த ஒரு செவிலியரின் வழக்கு அந்தக் கோட்டையில் முதல் பெரிய விரிசலை உண்டாக்கியது. பிறகு மாநிலம் மாநிலமாக அந்தப் பாதுகாப்பு சரிந்தது. சில மாநிலங்களில் மட்டும் பகுதியாகத் தங்கியிருக்கிறது. அரசியலமைப்பு உரிமை என்று சொல்லித் தனியார் இல்லத்தின் மீது போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிளம் வழக்கில் சொல்லிவிட்டது: அரசு பணம் தருவதாலும் கட்டுப்படுத்துவதாலும் மட்டும் இல்லத்தின் முடிவு அரசின் முடிவு ஆகாது. 2023 ஜூனில் வந்த டலெவ்ஸ்கி தீர்ப்பு வேறொரு கதவைத் திறந்தது. இண்டியானாவில் மறதிநோயாளி ஒருவரை மனநல மருந்துகளால் மயக்கி வைத்ததாகவும், குடும்பத்தின் சம்மதமில்லாமல் வேறிடத்துக்கு அனுப்பியதாகவும் வழக்கு. 1987 சட்டம் தரும் உரிமைகளுக்காக, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய 1871ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் வழக்காடலாம் என்று ஏழு நீதிபதிகள் ஒப்ப, கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் தீர்ப்பெழுதினார். ஆனால் அந்த இல்லம் ஒரு மாவட்டப் பொது அமைப்புக்குச் சொந்தமானது. அதனால்தான் பழைய சட்டம் பொருந்தியது. பக்கத்துத் தெருவில் சர்ச் நடத்தும் இல்லத்தில் இதே கொடுமை நடந்தால் இந்தக் கதவு திறக்காது. மாநிலச் சட்டத்தின்கீழ் அலட்சிய வழக்குத்தான். உரிமை ஒன்றே, கேட்கும் வாசல், உரிமம் யார் பெயரில் என்பதைப் பொறுத்தது.

மத நம்பிக்கை சார்ந்த விலக்குகள் தனிக் கதை. ஏழை முதியவருக்காகக் கையேந்தி இல்லம் நடத்தும் கத்தோலிக்க சபை ஒன்று (‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’, இந்தியாவிலும் அவர்களுக்கு இல்லங்கள் உண்டு) ஊழியருக்கான காப்பீட்டில் கருத்தடையைச் சேர்க்க மறுத்து, 2020 ஜூலை வரை உச்ச நீதிமன்றத்தில் போராடி வென்றது. பராமரிப்பு விதிகளில் அவர்களுக்கும் எந்தச் சலுகையும் இல்லை.

அண்மைப் பூசல் ஊழியர் எண்ணிக்கை பற்றியது. 1987 சட்டம் ‘போதுமான’ ஊழியர் என்று சொல்லி நழுவியிருந்தது. பைடன் அரசு 2024இல் எண்ணை எழுதியது: ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 3.48 மணி நேரப் பராமரிப்பு. பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் 24 மணி நேரமும். லாபநோக்கு இல்லங்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கம் டெக்சஸ் நீதிமன்றத்துக்குப் போனது. சில வாரங்களில் லாபநோக்கற்ற இல்லங்களின் தேசியச் சங்கமான லீடிங்ஏஜும் அதே வழக்கில் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் விதி ரத்தானது. ஜூலையில் நாடாளுமன்றம் தன் பங்குக்கு 2034 வரை அதை முடக்கியது. கிராமப்புறத்தில் செவிலியர் கிடைப்பதில்லை, மெடிகெய்ட் தொகை போதாது, கட்டில்களைத்தான் மூட வேண்டிவரும் என்பது அறநிலையங்களின் வாதம். பொய்யான வாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அது தவறான கூட்டணி. 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 82 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. தெளிவான முடிவு சொன்னவற்றில் 40 ஆய்வுகள் லாபநோக்கற்ற இல்லங்களின் தரமே மேல் என்றன. மூன்றே மூன்று எதிர்ப்பக்கம் நின்றன. அந்த மேன்மைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கூடுதல் ஊழியர்கள். தன் தனிச்சிறப்பு எதுவோ அதையே எல்லாருக்கும் விதியாக்கும் முயற்சியை அறநிலையங்கள் எதிர்த்து நின்றது, அவற்றின் வரிவிலக்கைக் கேள்வி கேட்பவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

சராசரி மேலானது என்பதால் ஒவ்வோர் இல்லமும் மேலானது ஆகிவிடாது. லாபநோக்கற்ற பலகைக்குப் பின்னால் நிர்வாகத்தை ஒரு லாப நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விடுவதும், கட்டடத்துக்கு நெருங்கியவர்களிடம் அதிக வாடகை கட்டுவதும் சாத்தியம். அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. லாபநோக்கு இல்லங்களுக்கு அது இல்லை. வரிவிலக்குப் பெற்ற இல்லம் ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தலைமை நிர்வாகியின் சம்பளம், தொடர்புடைய நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் இருக்கும். (சர்ச்சின் நேரடிப் பகுதியாக நடப்பவைக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு கிடைக்கலாம்.)

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. கிரீன் கார்டில் பெற்றோரை அழைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி வந்தவருக்குப் பொதுவாக முதல் ஐந்தாண்டு மெடிகெய்ட் கிடையாது. அதற்குப் பிறகும், வரவழைத்த பிள்ளையின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட இடமுண்டு. அப்பா நடக்க முடியாமல் விழுந்தது நாலாம் ஆண்டில் என்றால் முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில். சேர்க்கையின் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். சேர்க்கைக்கு நிபந்தனையாக மூன்றாம் ஆளின் சொந்தப் பணத்துக்கு உத்தரவாதம் கேட்பது கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம். அதே சமயம் சில மாநிலங்களில் பெற்றோரைப் பேணும் பழைய சட்டங்கள் உயிரோடிருக்கின்றன. பென்சில்வேனியாவில் 2012இல் தாயின் இல்லப் பாக்கி சுமார் 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே அங்கிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்லத்தின் வாசலில் உள்ள பலகையில் புனிதர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். மூன்று காகிதம் கேளுங்கள். சுகாதார ஆய்வாளர் எழுதிய குறைகளின் பட்டியலான 2567 படிவம். அதை இல்லம் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். வரித்துறைக்குத் தந்த 990 படிவம். மூன்றாவதாக, எங்கள் அம்மாவின் பணம் தீர்ந்த பிறகு அவரை என்ன செய்வீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு பதில். முதல் இரண்டும் உடனே கிடைக்கும். மூன்றாவதைத் தரத் தயங்கும் இல்லத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.